கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு வேறு

வீடியோ எடுப்போர் கையோடு கொண்டுசெல்லும் எல்.இ.டி. விளக்கின் வெள்ளை ஒளி, பிறக்கும்போதே வெள்ளையாகப் பிறப்பதில்லை. அதனுள் இருக்கும் காலியம் நைட்ரைடு வகைக் குறைகடத்திச் சில்லு, பெரும்பாலும் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியையே உமிழ்கிறது; சில்லின் மேலுள்ள பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை உட்கொண்டு மஞ்சளாகத் திருப்பித்தர, எஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகவே இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழைய ஹாலஜன் விளக்கு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கியது என்றாலும், பழுக்கக் காய்ந்த இழையிலிருந்து வந்த அதன் ஒளியில் எல்லா நிறங்களும் இடைவெளியின்றி இருந்தன, சிவப்பு தாராளமாகவே இருந்தது. மலிவான எல்.இ.டி.யிலோ நீலம் ஓங்கி நிற்க, ஆழ்ந்த சிவப்பு மெலிந்துவிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நீலத்தை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் உட்கொள்வதால், மாநிற முகத்தின் உயிர்ப்பு அது திருப்பியனுப்பும் சிவப்பைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கிலேயே குறைந்தால் திருமண வீடியோவில் மணப்பெண்ணின் முகம் வெளிறிப்போவதோடு, குங்குமமும் அரக்குப் பட்டும் பழுப்பேறித் தெரியும். இல்லாத அலைநீளத்தைக் கணினியில் பின்னர் செய்யும் நிறத்திருத்தத்தால் வரவழைக்க முடியாது.

விளக்கின் அட்டையில் காணும் சி.ஆர்.ஐ. என்ற எண், பொருள்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100க்கு மதிப்பிடுவது. ஆனால் அது மென்மையான 8 மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே என்பதால், அடர்சிவப்புக்குரிய ஆர்9 என்ற ஒன்பதாம் மாதிரியில் தோற்கும் விளக்கும் 80க்கு மேல் பெற்றுவிடுகிறது. வாங்குவோர் ஆர்9 மதிப்பையும், கண்ணுக்குப் பதிலாகக் கேமராவை அளவுகோலாகக் கொண்டு ஐரோப்பிய ஒலி-ஒளிபரப்பு ஒன்றியம் வகுத்த டி.எல்.சி.ஐ. எண்ணையும் கேட்டறிவது நல்லது.

வெளிச்சத்தைக் குறைக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. பல விளக்குகள் உண்மையில் மங்குவதில்லை. மிக வேகமாக அணைந்து எரிந்து, அணைந்திருக்கும் நேரத்தை நீட்டுவதன் மூலமே மங்கலைக் காட்டுகின்றன. கண் இதைச் சராசரியாக்கிக்கொள்கிறது. பெரும்பாலான கேமராக்களின் உணரியோ காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவுசெய்வதால், ஷட்டர் வேகம் கூடும்போது விளக்கு அணைந்த கணத்தில் பதிந்த வரிகள் கருமையான பட்டைகளாகி ஓடும். படப்பிடிப்புக்கு முன்பே விளக்கைக் குறைந்த அளவில் வைத்து, கைபேசியின் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் இந்தக் குறையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

சிறிய விளக்கின் ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறைகிறது: 1 மீட்டரில் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கே 2 மீட்டரில் கிடைக்கும். அதற்காக விளக்கை வெறுமனே முகத்தருகே நீட்டினால் கண் கூசும், மூக்கின் நிழல் கூர்மையாக விழும். விளக்குக்கு முன்னே ஓர் அகலமான வெள்ளைத் துணியை விரித்து, அத்துணி முழுவதும் ஒளிரும்படி செய்து, அதனை முகத்துக்கு நெருக்கமாக வைத்தால் நிழலின் ஓரங்கள் கரைந்துவிடும். துணியில் இழக்கும் வெளிச்சத்தையும் அந்த நெருக்கம் ஓரளவு ஈடுசெய்யும்.