வேட்டை பூட்ஸும் உதிரும் சோலும்

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவுல மான் வராது, துப்பாக்கி வெடிக்காது. ரத்தக்களறி எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம். இது முழுக்க முழுக்கச் செருப்பு சமாச்சாரம். அதாவது தோல் பூட்ஸ், அதுலயும் வேட்டைக்காரங்க போடற, கணுக்காலைத் தாண்டி ஏறி நிக்கற கனமான வகை.

படிக்க வந்த இடம் அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில இருக்கிற மேய்ன் மாநிலம். இங்கே நவம்பர் வந்தா ஊரே ஆரஞ்சு கலருக்கு மாறிடும். துப்பாக்கியோட மான் வேட்டைக்குப் போறவங்க பளீர் ஆரஞ்சுல தொப்பியும் மேல்சட்டையும் போட்டே ஆகணும்னு சட்டம். அந்தக் கலர் மானுக்குச் சரியாத் தெரியாது, பக்கத்துல இருக்கிற இன்னொரு துப்பாக்கிக்காரருக்கு நல்லாத் தெரியும். காபிக்கடையில உட்கார்ந்து காது கொடுத்தா, எத்தனை மான் அடிச்சாங்கன்னு பேச்சு வரும்னு நினைப்பீங்க. அதெல்லாம் ரெண்டு நிமிஷம்தான். மீதி நேரம் முழுக்க யாரோட பூட்ஸ் ஒழுகுச்சு, யாருக்கு சோல் பிஞ்சுது, முந்நூறு டாலர் கொடுத்து ஒரு சீசன்கூட வரலைங்கற புலம்பல்தான்.

எல்லாரும் திட்டறது தோலை. "இப்பல்லாம் தோல் முன்ன மாதிரி இல்லைப்பா"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் வேலை பாக்கறது பாலிமர் ஆய்வகத்துல. அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாத்தா எனக்குத் தோணுறது வேற. பெரும்பாலான பூட்ஸ்ல தோல்தான் கடைசியா சாகுது. முதல்ல சாகறது ரெண்டு பொருள் ஒட்டுற இடம், இல்லைன்னா தோலுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற பஞ்சு மாதிரியான பொருள்.

இதுக்கு இந்த ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஃப்ரீபோர்ட்டுங்கற ஊர்ல லியான் லியான்வுட் பீன்னு ஒருத்தர். வேட்டைக்குப் போய்ப் போய் கால் நனைஞ்சதுதான் மிச்சம். அந்தக் கடுப்புல, கீழே ரப்பர், மேலே தோல்னு ஒரு பூட்ஸைத் தைக்க வெச்சார். சதுப்புத் தண்ணிக்கு ரப்பர், நடக்கறப்ப லேசா இருக்கத் தோல். யோசனை பிரமாதம். 1912-ல வெளியூர் வேட்டை லைசன்ஸ்காரங்களோட முகவரிகளைப் பிடிச்சு விளம்பரத் தாள் அனுப்பி, தபால்லயே வித்தார். முதல் நூறு ஜோடியில தொண்ணூறு திரும்பி வந்துடுச்சுன்னு அந்தக் கம்பெனியே தன் வரலாறுல சொல்லிக்குது. தோல் கெட்டுப் போகலை. ரப்பரும் தேயலை. ரெண்டும் சேர்ற தையல் வரிசையில பிச்சுக்கிச்சு. பீன் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, இன்னும் பலமான ரப்பரைத் தேடிப் பிடிச்சு மறுபடி செஞ்சார். எல்.எல்.பீன் பூட்ஸ்னு அது இன்னிக்கும் மேய்ன்லயே தயாராகுது.

தையல்ல ஒரு விஷயம் இருக்கு. ஊசி போடற ஒவ்வொரு துளையும் ஒரு கிழிசலோட ஆரம்பம். தோல்ல நார் நாலா பக்கமும் பின்னிக் கிடக்கறதால ஒரு துளை கிழிஞ்சு அடுத்த துளைக்கு ஓடறது கஷ்டம். மெல்லிசு ரப்பர்ல அந்தப் பின்னல் கிடையாது. ஸ்டாம்ப் ஷீட்டை ஓட்டை வரிசையில கிழிக்கற மாதிரிதான் போகும்.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். இன்னிக்கு விக்கிற வேட்டை பூட்ஸ்ல நிறைய தைக்கறதே இல்லை, பசைதான். மேல தோல், கீழ கெட்டி ரப்பர் சோல், நடுவுல காலுக்கு மெத்து மெத்துன்னு இருக்க பாலியூரிதேன் நுரை. கடையில போட்டுப் பாத்தா சொர்க்கம். இந்த நடு சோல்தான் வில்லன்.

நான் குடியிருக்கிற வீட்டோட சொந்தக்காரர் எழுபதைத் தாண்டினவர். மனசுக்குள்ள நான் வெச்சிருக்கிற பேர் தாத்தா. அவர்கிட்ட ஒரு ஜோடி பூட்ஸ், நல்ல விலை, வாங்கி ஒன்பது வருஷம். முழங்கால் ஆபரேஷன் அது இதுன்னு மொத்தமே மூணு சீசன்தான் போட்டிருக்கார். ஆனா பராமரிப்பு இருக்கே, நம்ம ஊர்ல வண்டிக்கு ஆயுத பூஜை போடற மாதிரி! வருஷா வருஷம் துடைச்சு, மெழுகு தேய்ச்சு, பளபளன்னு வெச்சு, பிளாஸ்டிக் பெட்டியில போட்டு இறுக்கி மூடி அடித்தளத்துல வெச்சிடுவார். போன நவம்பர்ல ஒரு நாள் அவரோட காட்டுக்குள்ள போனேன். நான் வெறும் வேடிக்கை, கையில ஃபிளாஸ்க் மட்டும்.

ரோட்டுல இருந்து நாலு கிலோமீட்டர் உள்ள போயிருப்போம். மதியம் மூணு மணி. இங்கே நவம்பர்ல நாலரைக்கெல்லாம் இருட்டிடும். தாத்தா ஒரு சேத்துக் குழியில இருந்து காலை இழுத்தார். கால் வந்துச்சு, தோல் வந்துச்சு, சோல் வரலை. குனிஞ்சு எடுத்துப் பாத்தா நடு சோல் ஈரமான பிஸ்கட் மாதிரி விரல்ல உதிருது. பத்து நிமிஷத்துல அடுத்த காலும் அதே கதை. மேல தோல் அப்பவும் பளபளன்னு சிரிக்குது!

சிரிக்கற விஷயம் இல்லை. மனுஷனுக்குச் சர்க்கரை உண்டு. பாதத்துல உணர்ச்சி கம்மி. வெளியில பூஜ்ஜியத்துக்குக் கீழ. கால் நனைஞ்சு விறைச்சா அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஃபிளாஸ்க் போட்டு வந்த பிளாஸ்டிக் பையைக் கிழிச்சு சாக்ஸ் மேல சுத்தி, சோலை அடியில வெச்சு, அவர் பையில இருந்த ஒட்டு நாடாவால வரிஞ்சு கட்டினோம். நாடா வழியில ரெண்டு தடவை அறுந்துச்சு. வண்டிக்கு வந்து சேர்றப்ப முழு இருட்டு. வீட்டுல அவர் சாக்ஸைக் கழட்டி, ஒவ்வொரு விரலா விளக்குல பாத்து முடிக்கற வரைக்கும் அவங்க வீட்டம்மா ஒரு வார்த்தை பேசலை. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை.

"என்ன தப்பு பண்ணேன்?"னு மறுநாள் கேட்டார். பராமரிப்புல குறையே இல்லை. ஆனா மெழுகு எல்லாம் தோலுக்குத்தான் போச்சு, நடு சோலுக்கு மெழுகு தேய்ச்சுப் பிரயோஜனமும் இல்லை. பாலியூரிதேன்ல பாலியெஸ்டர் வகைன்னு ஒண்ணு. அதோட பிணைப்புகள் உருவாகறப்ப தண்ணி மூலக்கூறு ஒண்ணு வெளியே போகும். காத்துல இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல உள்ள வந்தா அதே பிணைப்பு திரும்ப அறுந்துக்கும். வந்த வழியே திரும்பிப் போற கதை. அறுந்த முனையில அமிலம் வேற உண்டாகி, அது அடுத்த பிணைப்பை இன்னும் வேகமா வெட்டும். நீராற்பகுப்புன்னு பத்தாங்கிளாஸ்ல படிச்சிருப்போம், அதுதான் இது. இதுக்கு நடக்கவே தேவையில்லை, காலண்டர் போதும். செஞ்ச தேதியில இருந்து அஞ்சு முதல் பத்து வருஷத்துல நிறைய பூட்ஸ் இப்படிப் போகுது. ஈரம் லேசா மிச்சம் இருக்கறப்ப பெட்டியில இறுக்கி மூடினா இன்னும் சீக்கிரம். அடிக்கடி போட்டு நடந்தா உள்ள இருக்கிற ஈரம் அமுங்கி வெளியேறும்னு பூட்ஸ் கம்பெனிகளே சொல்லுது. பத்திரமா வெச்சதுதான் வினையாப் போச்சு.

அப்ப அந்தப் பொருளை ஏன் போடறாங்க? லேசா இருக்கு, நல்லா உழைக்குது, குதிக்கறப்ப தாங்குது. பாலியீதர் வகை தண்ணிக்குப் பயப்படாது, ஆனா தேய்மானத்துலயும் விலையிலயும் பேரம் பேசணும். ஈ.வி.ஏ. நுரை உதிராது, அதுக்குப் பதிலா நாளாக ஆக அமுங்கித் தட்டையாகிடும். பழைய முறையில தோலைச் சுத்தி ஒரு பட்டை வெச்சுத் தைக்கற குட்இயர் வெல்ட் பூட்ஸ்ல சோலைப் பிரிச்சு புதுசு தைக்கலாம். (இந்தக் குட்இயர், ரப்பரை வேக வெச்சு உறுதியாக்கினவரோட பையன். அப்பா ரப்பர், பையன் தையல், நல்ல குடும்பம்.) ஆனா அது கனம், பழக ரெண்டு வாரம் கால் கொப்புளிக்கும். கடையில போட்டுப் பாக்கற அஞ்சு நிமிஷத்துல நுரைதான் ஜெயிக்கும்.

சரி, தோல் சாகவே சாகாதான்னா, சாகும். பெரும்பாலும் கொலை. இங்கே வீட்டுக்கு வீடு விறகு அடுப்பு. நனைஞ்ச பூட்ஸைக் கொண்டாந்து அதுக்குப் பக்கத்துல வெச்சுட்டுத் தூங்கப் போயிடறாங்க. தோல்ங்கறது கொலாஜன் நார். ஈரத்தோட சூடேறினா சுருங்கும். நம்ம ஊர்ல ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாதிரி தாவரத் தோல் எழுபது எண்பது டிகிரியிலயே சுருங்க ஆரம்பிச்சிடும். க்ரோம் போட்டுப் பதனிட்டது கொதிநீரையே தாங்கும். உலகத்துல பெரும்பாலான பூட்ஸ் க்ரோம்ல போறதுக்கு இந்தத் தாங்கும் சக்தி ஒரு காரணம். அதுக்கு வேலூர்ப் பக்கம் என்ன விலை கொடுத்தாங்கங்கறது தனிக்கதை, பாலாறைப் பத்தி உச்ச நீதிமன்றம் 1996-லயே தீர்ப்பு சொல்லியாச்சு. க்ரோம் தோலா இருந்தாலும் அடுப்புப் பக்கம் வெச்சா நாருக்கு நடுவுல இருக்கிற எண்ணெய்ப் பசை போய் முறுகிடும், பசை ஒட்டினதும் இளகும். அப்புறம் விரல் மடியற இடத்துல வெடிப்பு. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடின்னா ஒரு கால் அந்த ஒரே மடிப்புல ஐயாயிரம் தடவை மடியுது. அதுல காஞ்ச சேறு இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி. செய்தித்தாளைக் கசக்கி உள்ள திணிச்சு, அடுப்பு இல்லாத அறையில ரெண்டு நாள் விட்டாப் போதும்.

ஒழுகல் புகாருக்கும் தோலைத் திட்டிப் பயனில்லை. உள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், கோர்டெக்ஸ் மாதிரி. அதுல குதிகால் உரசற இடத்துல மணல் ஒண்ணு மாட்டி அரைச்சா ஓட்டை. ஓட்டை விழுந்தா தோலுக்கு என்ன பூசினாலும் முழுசா அடங்காது.

எல்.எல்.பீன் கம்பெனி காலங்காலமா எப்ப வேணா திருப்பிக் கொடுக்கலாம்னு வெச்சிருந்த உத்தரவாதத்தை 2018 பிப்ரவரியில ஒரு வருஷமாச் சுருக்கிடுச்சு. பழைய சாமான் விக்கிற இடத்துல அடிமாட்டு விலைக்கு வாங்கின இருபது வருஷப் பழசைக் கொண்டாந்து புதுசு கேட்டாங்களாம். அஞ்சு வருஷத்துல இருபத்தஞ்சு கோடி டாலர் நஷ்டம்னு கம்பெனி கணக்கு சொல்லிச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் கோபம். ஏமாத்தினவங்க மேலயும், அவங்களுக்காக ஒழுங்கானவங்களையும் சேர்த்துத் தண்டிச்சதுலயும்.

தாத்தா அந்தத் தோலைத் தூக்கிப் போட மனசில்லாம சோல் மாத்தற ஒரு பட்டறைக்கு அனுப்பினார். பாதி புது பூட்ஸ் விலை ஆச்சு. இப்ப நாக்குக்கு உள்பக்கம் அழியாத மையில மாசமும் வருஷமும் எழுதி வெச்சிருக்கார்.

நம்மளை மாதிரி உதவித்தொகையில ஓட்டறவங்க பழைய துணிக்கடையில பூட்ஸ் வாங்கறப்ப தோலோட பளபளப்பைப் பாக்காதீங்க. உள்ள தச்சிருக்கிற லேபிள்ல செஞ்ச மாசம் வருஷம் இருக்கான்னு தேடுங்க. நடு சோல்ல கட்டைவிரல் நகத்தை அழுத்துங்க. பள்ளம் திரும்பி வந்தாச் சரி, பிசுபிசுன்னு ஒட்டினாலோ பொடியா வந்தாலோ கீழ வெச்சுடுங்க. லீவுக்கு ஊருக்குப் போறவங்களும் பீரோவுல விட்டுட்டு வந்த ஷூவை எடுத்து இதே மாதிரி அழுத்திப் பாருங்க. சென்னை ஈரத்துல நாலஞ்சு வருஷம் கிடந்தது, முகூர்த்தத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற வழியில காலைவாரும் :-)