கோபாக்கினைக்கு முன்னா, பின்னா?

கடைசி எக்காளம் – 9

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியிருந்தது. திருவண்ணாமலையில் மழை ஓயவில்லை. அன்று சாயங்காலம் வ.உ.சி. நகரில் மலையடிவார வீடு ஒன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து விழுந்தன. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். 13-ம் தேதி மகாதீபம் ஏற்றியபோது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலை அந்த அளவுக்கு இளகிக் கிடந்தது.

அந்த ஞாயிறு கிறிஸ்தவர்களுக்கு அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்து ஒருமுறை வந்ததையும் மறுபடி வரப்போவதையும் சேர்த்து நினைக்கிற நாள்.

ஊரை ஒரு பேரிடர் உலுக்கினால் ‘இது தேவ கோபம், கடைசிக்கால அடையாளம்’ என்று பேசும் குரல் தமிழகத்தில் உடனே எழும். 2004 சுனாமிக்குப் பிறகு எழுந்தது. 2020 கொரோனாவிலும் எழுந்தது. அந்தச் சுனாமிதான் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்களை வாரிக்கொண்டு போனது. அவர்கள் மீது யாருக்கு என்ன கோபம்? எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்த சம்பவத்தை லூக்கா 13-ம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். மனந்திரும்பச் சொன்னது செத்தவர்களைப் பற்றிப் பேச வந்தவர்களைத்தான். வ.உ.சி. நகர்க் குழந்தைகளைப் பற்றிப் பேச வாய் திறக்கும் எந்தப் பிரசங்கியும் முதலில் படிக்க வேண்டிய பகுதி இது.

ஆனாலும் வேதாகமம் கோபாக்கினையைப் பேசாமல் விட்டுவிடவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு முத்திரைகள் உடைகின்றன, ஏழு எக்காளங்கள் முழங்குகின்றன, ஏழு கலசங்கள் ஊற்றப்படுகின்றன. அந்தக் காலத்தில் சபை பூமியில் இருக்குமா, அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படுமா? தமிழ்ச் சபைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாத வழக்கு இது.

வாலிபர் கூடுகைக்குப் போனவர்கள் இந்த வழக்கை விளக்கும் படத்தைப் பார்த்திருப்பார்கள். கரும்பலகையில் இடது ஓரம் ஒரு சிலுவை. அங்கிருந்து சபையின் காலம் என்று நீளும் கோடு. நடுவில் மேல்நோக்கி ஓர் அம்பு: சபை எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை. அடுத்து ஏழு வருடக் கோடு, மூன்றரை வருடத்தில் அது இரண்டாக முறிகிறது. முறிவுக்கு அப்பால் மகா உபத்திரவம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. பிறகு கீழ்நோக்கி ஓர் அம்பு: பகிரங்க வருகை. அதற்கப்புறம் ஆயிர வருட அரசாட்சி, வலது ஓரத்தில் வெள்ளைச் சிங்காசனம். ஏழு வருடம் தானியேல் 9-ம் அதிகாரத்தின் கடைசி வாரத்திலிருந்து வருகிறது. மூன்றரை, வெளிப்படுத்தலின் 1,260 நாட்களிலிருந்து.

மேல்நோக்கிய அந்த அம்பை எங்கே வரைவது என்பதில்தான் சண்டை. ஏழு வருடத்துக்கு முன்னால் வரைபவர்கள், தேவன் நம்மைக் கோபாக்கினைக்கு நியமிக்கவில்லை என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைக் காட்டுவார்கள். சோதனைக்காலத்துக்குத் தப்பக் காப்பேன் என்று பிலதெல்பியா சபைக்குக் கிடைத்த வாக்கைக் காட்டுவார்கள். ஏழு வருடத்துக்குப் பின்னால் வரைபவர்கள் மத்தேயு 24-ஐத் திறப்பார்கள். அங்கே உபத்திரவம் முடிந்த பிறகுதான் எக்காளம் முழங்குகிறது, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். நடுவில் வரைபவர்களும் உண்டு. 1990-ல் மார்வின் ரோசன்தால் என்ற அமெரிக்கர் இன்னொரு கணக்கைப் புத்தகமாகவே போட்டார். முதல் முத்திரைகளில் வருவது மனிதனும் சாத்தானும் செய்யும் கொடுமை, தேவ கோபம் ஆறாம் முத்திரைக்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதற்குச் சற்று முன்னால்தான் சபை எடுக்கப்படும் என்றார் அவர்.

கவனித்தால், கோபாக்கினைக்குச் சபை தப்பும் என்பதில் இவர்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. எது கோபாக்கினை என்பதில்தான் பிளவு. அந்திக்கிறிஸ்து விசுவாசிகளைத் துன்புறுத்துவது வேறு, தேவன் உலகை நியாயந்தீர்ப்பது வேறு. இரண்டையும் ஏழு வருடக் கோட்டுக்குள் ஒன்றாகக் கலந்தவர்களால்தான் முன்கூட்டித் தப்பிப்பதை அத்தனை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பாடுகள் சபைக்கு உண்டு என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புதிய ஏற்பாட்டில் அந்தக் கலப்புக்கு வலுவான ஆதாரம் இல்லை.

திருவண்ணாமலையில் இந்த வழக்குக்கு வெளியே நிற்கும் சபை ஒன்றும் உண்டு. டேனிஷ் மிஷன் பள்ளியை அறியாதவர் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்த மிஷன் வழிவந்தது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லுத்தரன்களின் ஆதார ஆவணமான 1530-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17-ம் பிரிவு, கிறிஸ்து கடைசி நாளில் நியாயந்தீர்க்க வருவார் என்கிறது. மரித்தோர் எழுவதற்கு முன்பே பரிசுத்தவான்கள் பூமியை ஆள்வார்கள் என்ற போதனையை வெளிப்படையாக மறுக்கிறது. அந்தப் படத்தின் பாதி லுத்தரன்களுக்குத் தேவையே இல்லை.

அப்படியானால் படம் நம் ஊருக்கு எந்த வழியாக வந்தது?

அதை 1830-களில் வரையத் தொடங்கியவர் ஜான் நெல்சன் டார்பி, பிரதரன் இயக்கத்தின் பெரிய ஆசிரியர். அதே இயக்கத்தின் தொடக்கத்தில் நின்ற இன்னொருவர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிட்டர் ஊரின் பல் மருத்துவர். 1829-ல் எல்லாவற்றையும் விட்டு பாக்தாத் போனார். 1831-ல் அங்கே கொள்ளைநோயும் வெள்ளமும் ஒன்றாக வந்தன. மனைவியைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். 1833-ல் இந்தியா வந்தவர், பிறகு சித்தூரில் தங்கி ஊழியம் செய்தார். அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் அதுதான். இயக்கம் குறுகிப்போகிறது, அன்பைவிட மறுப்பே பெரிதாகிறது என்று 1836-ல் டார்பியை எச்சரித்துக் கடிதம் எழுதியவரும் இவரே. இவருடைய மைத்துனர் பிரிஸ்டல் அனாதை இல்லங்களின் ஜார்ஜ் முல்லர். அந்திக்கிறிஸ்து வந்த பிறகே கிறிஸ்து வருவார் என்பது முல்லரின் முடிவு. டார்பியின் இரகசிய வருகையை அவர் ஏற்கவில்லை. ஆக, படம் வரையப்பட்ட வீட்டுக்குள்ளேயே அதற்கு மறுப்பும் இருந்தது. இந்தச் செய்தி தமிழ் மேடைகளில் ஏறுவதே இல்லை.

குரோவ்ஸோடு ஊர் ஊராக நடந்த தமிழர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். மிஷனரி ரேனியஸின் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்தவர். வெளிநாட்டுச் சம்பளம் வேண்டாம் என்று 1840-ல் கிறிஸ்டியன்பேட்டையை அமைத்தார். 1860-ல் அங்கே எழுப்புதல் மூண்டது. படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் எல்லோரும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள். அருளப்பன் 1867-ல் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளை 1939-ல் ஆங்கிலத்தில் தொகுத்தவர் ஜி. எச். லாங். இந்த லாங்கும் வருகையைப் பற்றி நிறைய எழுதியவர். எல்லா விசுவாசிகளும் அல்ல, விழித்திருப்பவர்கள் மட்டுமே முதலில் எடுக்கப்படுவார்கள் என்பது அவர் வாதம். அதற்கு நெருக்கமான குரல் 1924-ல் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனிலும் உண்டு. வெள்ளுடை தரித்து, மணம் செய்யாமல் ஊழியம் செய்கிறவர்களின் அந்தச் சபைக்கு இன்று தாம்பரம் பக்கத்து இரும்புலியூர்தான் தலைமையிடம். ஆயத்தப்படு என்பதே அங்கே ஓயாத அழைப்பு.

அருளப்பன் வழி வந்த எழுப்புதல் 1870-களில் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே அதை முன்னின்று நடத்தியவர் யுஸ்துஸ் ஜோசப். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861-ல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர். நல்ல கவிஞர், சங்கீதம் அறிந்தவர். அவர் பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1875-ல் அவருடைய கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: இன்னும் ஆறு வருடத்தில் கர்த்தர் வருகிறார். ஜனங்கள் அவர்களுக்கு ‘ஆறு வருடக்காரர்’ என்றே பெயர் வைத்தார்கள். நடுவில் 1876-78 தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. 1881 வந்தது, போனது. பலர் விலகினார்கள், எஞ்சியவர்கள் ‘யுயோமயம்’ என்ற தனிச்சபையானார்கள். 1887-ல் யுஸ்துஸ் ஜோசப் இறந்தார். அவ்வளவு திறமையும் பக்தியும் உள்ள ஒரு மனிதரை ஒரு தேதி விழுங்கியது என்பதை வருத்தமில்லாமல் எழுத முடியாது.

தேதி குறிப்பது அதோடு நிற்கவில்லை. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28-க்காக ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். வேலையை விட்டவர்கள், சொத்தை விற்றவர்கள் அவர்களில் உண்டு. நாள் குறித்த டாமி மிஷன் தலைவரோ அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டிருந்தது வெளியாகி, மோசடிக் குற்றத்துக்காகச் சிறை போனார். அமெரிக்காவின் ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், தவறியதும் அக்டோபர் 21 என்றார். 2025 செப்டம்பர் 23, 24 என்று தென்னாப்பிரிக்கர் ஒருவர் சொன்ன பேச்சு செல்போன் வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13 சொல்லியிருக்க, தேதி சொல்பவரைப் பிரசங்க மேடையில் ஏற்றுவதற்கு எந்தச் சபைக்கும் நியாயம் கிடையாது. அம்பை எங்கே வரைவது என்பதில் நல்லவர்கள் வேறுபடலாம். முல்லரும் டார்பியும் வேறுபட்டார்கள். லாங் இருவரிடமிருந்தும் வேறுபட்டார். ஆகவே கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். வாலிபர்களிடம் ஒரே ஓர் அம்பைக் காட்டி, இதுதான் சத்தியம் என்று முடிக்காதீர்கள். மற்ற அம்புகளையும் அவற்றின் வசன ஆதாரத்தோடு வரைந்து காட்டுங்கள். அதே கோட்டில் 1881-ஐயும் குறித்து, அந்த வருடம் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)