முகப்பருவுக்கு ஒளியா, பூசுமருந்தா?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நிலம் வன்னி. கிளிநொச்சி வயலிற் களை பிடுங்குவோருக்கும் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்போருக்கும் பகலவன் ஒளியை அள்ளி வழங்குகின்றான். அவ்வாறிருக்க, முகப்பருவை ஒளியினால் ஆற்றலாம் என்று கேள்வியுறும் இளைஞன் ஒருவன், 'வயலில் நின்றாலே போதுமே' என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் வெயில் வேறு. மருத்துவர் கையாளும் ஒளி வேறு.

பரு தோன்றும் விதத்தை முதலில் நோக்குவோம். பூப்புப் பருவத்திற் சுரக்கும் ஹோர்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்த்துளையின் வாயில் இறந்த கலங்கள் அடைத்துக்கொள்ள, எண்ணெய் உள்ளே தேங்குகிறது. அங்கு இயல்பாக வாழும் 'கியூட்டிபக்ரீரியம் ஆக்னிஸ்' என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது; தோல் சிவந்து வீங்குகிறது. ஆகவே முகத்தை எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் பரு நீங்குவதில்லை. அழுக்கு அதன் காரணம் அன்று.

ஒளி மருத்துவம் புதியதன்று. டென்மார்க்கு நாட்டு வைத்தியர் நீல்ஸ் பின்சன், தோலில் உண்டாகும் ஒருவகைக் காசநோய்க்கு ஒளியைப் பயன்படுத்தி 1903இல் நோபல் பரிசு பெற்றார். பருவைப் பொறுத்தவரை, மேற்சொன்ன நுண்ணுயிர் 'போர்பிரின்' என்னும் பொருளை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 415 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டவுடன் அப்பொருள் வீரியமிக்க ஒட்சிசனைத் தோற்றுவித்து, தன்னை ஈன்ற உயிரையே கொல்லுகிறது. சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் சென்று அழற்சியைத் தணிக்கும் என்பர்.

கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால் ஒளி பட்டு மடிந்த நுண்ணுயிர் மீண்டும் பெருகும். அடைத்த துளையும் எண்ணெய்ச் சுரப்பும் பெரும்பாலும் முன்போலவே இருக்கும். எனவே வாரத்துக்கு ஓரிரு முறையாகப் பல வாரங்கள் இதனைச் செய்தல் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பிலுள்ள தனியார் நிலையமொன்றை நாடுபவர் ஒவ்வொரு முறையும் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். அத்துணைச் செலவுக்கு ஈடான பயன் உறுதியோ எனின், இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டல், பென்சோயில் பெரொக்சைட்டு, ரெட்டினொயிட்டு ஆகிய பூசுமருந்துகளை உறுதியாகப் பரிந்துரைத்தது. ஒளிக்கருவிகளைப் பற்றித் தீர்ப்புக் கூறச் சான்று போதாது என்றது.

பென்சோயில் பெரொக்சைட்டு ஜெல் துளைக்குள் ஒட்சிசனை வெளிவிட்டு நுண்ணுயிரைக் கொல்லுகிறது. இதற்கு நுண்ணுயிர் பழகிப்போவதில்லை. கிளிண்டமைசின் போன்ற எதிருயிரி ஜெல்லைத் தனியே பூசினாற் பழகிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே கொடுப்பர். 2.5 வீத ஜெல் பெரும்பாலும் 10 வீத ஜெல்லைப் போலவே பயன் தரும், எரிவோ குறைவு. 'கூடியது வாங்கினாற் கெதியில் மாறும்' என்பது வீண் நம்பிக்கை. ரெட்டினொயிட்டு வகையைச் சேர்ந்த அடப்பலீன் ஜெல், துளை அடைபடுவதையே தடுக்கிறது. அதனை இரவிற் பூசுவர்; கருவுற்ற பெண்கள் தவிர்த்தல் வேண்டும். முதற் சில வாரங்களில் தோல் உரியும், எரியும். சிலருக்குப் பரு சற்றுக் கூடியதுபோலவும் தோன்றும். அப்போது பலர் மருந்தை வீசிவிடுகின்றனர். பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் செல்லும்.

வெயிலின் கதை இனித்தான் வருகிறது. கருநிறத் தோலில் பரு ஆறிய பின்னும் கரிய தழும்பு பல மாதங்கள் நிற்கும். பருவினும் அத்தழும்பே இளையோரை வருத்துகிறது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் அதனை மேலும் கருக்கச் செய்யும். வயலுக்குச் செல்பவருக்கு ஒரு தொப்பியும் மருந்தே. தழும்பைப் போக்கவென்று கடையில் வாங்கும் வெண்மைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டெரொயிட்டு கலந்திருக்கும். அவை சில நாள் முகத்தைத் தெளிவாக்கிக் காட்டிப் பின்னர் பருவைப் பெருக்கித் தோலை மெலியச் செய்யும். ஆழ்ந்து வலிக்கும் கட்டிகளும் குழிவிழும் தழும்பும் உடையோர் ஜெல்லையும் நம்பி இராது, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஒன்றையேனும் விரைந்து நாடுதல் நன்று. அவர்களுக்கு உட்கொள்ளும் மருந்து தேவைப்படலாம்.

பென்சோயில் பெரொக்சைட்டு துணியின் சாயத்தை வெளுக்கும். ஆதலின் பூசியவர் வெள்ளைத் தலையணை உறையிற் படுப்பது நலம். மிகுந்த வெப்பத்தில் அம்மருந்து சிதையும். தகரக் கூரையின் கீழ் மதிய வெப்பத்தில் வையாது, வீட்டின் குளிர்ந்த மூலையில், தண்ணீர்ப் பானையின் அருகே வைக்கலாம்.