தோட்டா தடையின்றி ஏறுவது எங்ஙனம்?

பெலண்டோக் என்னும் மலாய்ச் சொல் சருகுமானைக் குறிக்கும். அச்சிறு விலங்கின் பெயரைத் தாங்கி நிற்கும் புக்கிட் பெலண்டோக், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ளது. வேட்டையும் துப்பாக்கியும் இத்தகைய தோட்டப்புறங்களுக்குப் புதியன அல்ல. இளங்கன்றுகளை நாசமாக்கும் காட்டுப்பன்றியைச் சுட உரிமம் பெற்றோர் வருவதுண்டு. அதற்கு முன்னர், 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில், தோட்டங்களைக் காத்து நின்ற சிறப்புக் காவலர் பலரின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு என்னும் 303 ரைபிள்.

இவ்வகைத் துப்பாக்கியைத் ‘தாழ்த் துப்பாக்கி’ எனலாம். கதவுத் தாழைப் போன்றதோர் இரும்புத் தண்டு இதன் உயிர்நாடி. அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்தள்ளினால், கீழுள்ள தோட்டாப் பெட்டியிலிருந்து புதிய தோட்டா குழலின் அடியறைக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ் பூட்டிக்கொள்ளும். இப்பயணத்தில் தோட்டா எங்கே சிக்குகிறது என்பதே நாம் காண வேண்டியது.

முதற் காரணம் தோட்டாவின் வடிவம். 303 தோட்டாவின் அடியில், பால் மங்கின் வாய்போல் வெளியே நீண்ட விளிம்பு ஒன்று உண்டு. பெட்டியில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமைதல் வேண்டும். பின்னால் அமைந்துவிட்டால், தாழ் முன்தள்ளும்பொழுது ஒரு விளிம்பு மற்றொன்றை இழுத்துப் பூட்டிக்கொள்ளும், தோட்டா நகராது. அதனாற்றான் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் அப்பெட்டியை நிரப்புவோர், ஒவ்வொன்றையும் கவனித்து அடுக்கக் கற்பிக்கப்பட்டனர்.

ஜெர்மானியரான பால் மௌசர் உருவாக்கிய 1898ஆம் ஆண்டு ரைபிள் வேறு வழியைக் கொண்டது. அதன் தோட்டாவில் நீண்ட விளிம்பு இல்லை; அடியைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டுமே உண்டு. பெட்டியைவிட்டு மேலெழும்பொழுதே, தாழிலுள்ள அகன்ற கொக்கி அப்பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே பாதித் தள்ளிய தாழைப் பின்னிழுத்தாலும் தோட்டா கூடவே வந்துவிடும். கொக்கி இவ்வாறு முன்கூட்டிப் பற்றாத துப்பாக்கிகளிலோ, பாதியில் நின்ற தோட்டா முன்னாலேயே தங்கிவிடும். அதன்மீது அடுத்த தோட்டா வந்து மோதிச் சிக்கும். குமாவுன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் பயன்படுத்திய 275 ரிக்பி ரைபிள், மௌசர் அமைப்பைக் கொண்டதே.

இரண்டாவது காரணம் பெட்டி. அதன் மேல்விளிம்பு உதடுகளே தோட்டாவை உரிய கோணத்தில் பிடித்துத் தருவன. கீழே விழுந்து அவை நெளிந்துவிட்டால் தோட்டா தலைநிமிர்ந்தோ தலைகுனிந்தோ முட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் அடுத்த தோட்டா உரிய நேரத்தில் மேலெழாது. நம் நாட்டின் ஈரமும் துருவும் இவ்விரண்டையும் விரைவில் கெடுக்கும்.

மூன்றாவது காரணம் மனிதனின் கை. பால்வெட்டும் கத்தியைத் தயங்கித் தயங்கி இழுத்தால் வெட்டு நேராக அமையாது என்பதைத் தொழிலாளர் அறிவர். தாழும் அத்தகையதே. கடைசிவரை பின்னிழுக்காவிடில் அது அடுத்த தோட்டாவைத் தொடாமலே முன்செல்லும். வேட்டையாடுபவர் நிரப்பிவிட்டதாக எண்ணி வெற்றுக் குழலை நீட்டி நிற்பார். காயமுற்ற பன்றி எதிரே பாயும் வேளையில் இப்பிழை உயிருக்கே உலை வைக்கும்.

இவை வேட்டைக்காரரின் கவலைகள் மட்டும் அல்ல. விடியற்காலையில் மரம் வெட்டச் செல்வோர் நிரைகளிடையே நிற்கின்றனர். சிக்கிய தோட்டாவை விடுவிக்கப் பதறும் கையில் குழல் எப்பக்கமும் திரும்பக்கூடும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அதன்பின் தாழைத் தொடுவதே முறை. உதவி செய்வதாக எண்ணி எவரும் அருகே செல்லுதல் கூடாது. வேட்டை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே கங்காணி வழியாகக் கேட்டறிதல் நன்று.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கியை மட்டுமன்று, தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம். வேட்டைக்கோ 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தனி உரிமம் வேண்டும். நிரையோரம் வெடியாத தோட்டா கிடப்பின், பிள்ளைகள் அதை விளையாட்டுப் பொருளாக எடுத்துச் செல்ல விடாது, தாமும் தொடாது, காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது நம் அனைவரின் கடமையாகும்.