ஒரே கலர் எண், ரெண்டு கலர்

கேட் உரசி, காரோட பின் கதவுல ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். வெள்ளி நிற மெட்டாலிக் பெயின்ட். ஸ்டிக்கரில் இருந்த கலர் எண்ணைக் காட்டி ஸ்ப்ரே கேன் வாங்கி, கீறல் மேல மட்டும் அடிச்சேன். நேரா பார்த்தா பரவாயில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால், சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி கருப்பா ஒரு பட்டை. கடைக்காரர் தப்பாகக் கலந்துட்டார்னு திட்டினேன். பாவம், அவர் மேல தப்பே இல்லை.

மெட்டாலிக் பெயின்டுக்குள்ள பொடி அலுமினியச் செதில்கள் இருக்கு. அவை தட்டையாகப் படுத்திருந்தால் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும், நிறம் பளிச்சுன்னு இருக்கும். கேனை நெருக்கிப் பிடித்து ஈரமாக அடித்தால், காய்வதற்குள் செதில்கள் கோணல்மாணலாகத் திரும்பிவிடும். அதே பெயின்ட் கருத்துத் தெரியும். தள்ளிப் பிடித்து மெலிசா அடிச்சா வெளுக்கும். ஆக, கலர் எண் சரியாக இருந்தாலும் கை வேகம், தூரம், அன்றைய வெயில் எல்லாம் சேர்ந்துதான் நிறத்தை முடிவு பண்ணுது.

இதனால்தான் பெயின்டர்கள் புது நிறம் முடியும் எல்லையைக் கரைத்துவிடுகிறார்கள். பிரைமர் மேல முதல் கோட், அடுத்தது அதைவிடக் கொஞ்சம் அகலமாக, அதற்கடுத்தது இன்னும் அகலமாக, ஓரங்களில் மெலிசாக. கோடு எங்கேயும் விழாது, கண் ஏமாந்துவிடும். கீறல் கதவின் ஓரத்தில் இருந்தால், பக்கத்து ஃபெண்டர் வரைக்கும் கூட நிறத்தை இழுப்பார்கள். அது தேவையில்லாத வேலைன்னு நானும் நினைச்சிருக்கேன்!

அப்புறம் கிளியர் கோட். இதைப் பாதிக் கதவோடு நிறுத்தினால், அந்த விளிம்புதான் நாளடைவில் உரியும். அதனால் கதவு முழுக்க, 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு, விளிம்பு முதல் விளிம்பு வரை அடிக்கணும். மழைக்காலம்னா வேண்டாம். தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பால் மாதிரி வெளுத்துப்போகும்.

நான் நிறுத்திக்கொண்டதும் இந்த இடத்தில்தான். ஒற்றைப் பொருளாக வரும் கேன் கிளியர், பெட்ரோல் பட்டாலே இளகலாம். உறுதியா நிக்கறது ஹார்டனர் கலக்கும் 2கே வகை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கு. அந்தப் புகையைச் சுவாசித்து ஒருமுறை ஆஸ்துமா ஒட்டிக்கொண்டால், பிறகு துளி அளவு பட்டாலும் மூச்சு திணறும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. முறையான பட்டறைகளில் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி போட்டுத்தான் அடிப்பார்கள். என் போர்ட்டிகோவுக்கு நேர் மேல குழந்தைங்க தூங்கற அறை ஜன்னல்.

வீட்டில் செய்யக்கூடியது எதுன்னு பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கீறல் மேல தண்ணி தெளிங்க. கீறல் மறைஞ்சா, காயம் கிளியர் கோட்டில் மட்டும்தான். ரப்பிங் காம்பவுண்டு போதும். ஆனா கிளியர் கோட்டே முடியை விட மெலிசு, ரொம்பத் தேய்க்காதீங்க. கல் பட்ட சின்னப் புள்ளின்னா, தீக்குச்சி முனையால் பெயின்டைத் தொட்டு வைக்கலாம். துரு ஏறாது, ரெண்டடி தள்ளி நின்னா தெரியாது.

என் கதவை கடைசியில் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். நான் அடித்ததைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு அரை நாள் ஆச்சு, அதுக்குத் தனிக் கூலி.