சுழலும் தகடு போட்ட கணக்கு

மேலப்பாளையத்தில் தறி ஓடிய வீடுகளிலும் பீடி சுற்றும் வீடுகளிலும் சுவரில் மரப்பலகை அடித்து மாட்டப்பட்டிருந்த பழைய மின்மீட்டரை எவரும் கணினி என்று சொன்னதில்லை. ஆனால் கண்ணாடிக்குள் அலுமினியத் தகடு கிடைமட்டமாகச் சுழன்றுகொண்டிருந்த அந்தக் கருவி, ஒவ்வொரு கணமும் ஒரு பெருக்கலைச் செய்து, அதன் விடைகளை இடைவிடாமல் கூட்டிக்கொண்டும் இருந்த, முழுமையான ஓர் அனலாக் கணிப்புக் கருவியாகும்.

டிஜிட்டல் கணினி எல்லா அளவுகளையும் 0, 1 என்னும் இலக்கங்களாக்கிப் படிப்படியாகக் கணக்கிடுகிறது. அனலாக் கருவியிலோ, மின்னழுத்தம், சுழற்சி, நீளம் போன்ற தொடர்ந்து மாறும் ஓர் இயற்பியல் அளவு, கணக்கிட வேண்டிய அளவின் இடத்தில் நின்று, அதே சமன்பாட்டின்படி தானாகவே இயங்குகிறது. அந்த இயக்கத்தை அளந்தால் அதுவே விடை.

மீட்டரின் தகட்டுக்கு அருகே இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றின் காந்தப்புலம் வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தையும், மற்றொன்றின் காந்தப்புலம் வீட்டில் செலவாகும் மின்னோட்டத்தையும் பின்தொடர, இரண்டும் சேர்ந்து தகட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டி, அழுத்தம், ஓட்டம் இரண்டின் பெருக்கலுக்கு, அதாவது மின்திறனுக்கு, ஏற்ற விசையுடன் அதைத் திருப்புகின்றன. இந்த விசை மட்டும் இருந்தால் தகட்டின் வேகம் ஏறிக்கொண்டே போகும். எனவே, வேகம் கூடக் கூட அதே விகிதத்தில் தடையைக் கூட்டும் ஒரு நிலைக்காந்தத்தை விளிம்பில் வைத்து, திறனும் வேகமும் சரிவிகிதத்தில் நிற்குமாறு செய்தார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பம் முழுவதும் அந்தச் சிறு காந்தத்தில்தான் இருக்கிறது என்றால் மிகையாகாது. ஹங்கேரியின் கான்ஸ் நிறுவனப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி இவ்வகை மீட்டருக்கு 1889இல் காப்புரிமை பெற்றார்.

முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1200 சுற்று என்று அச்சிட்ட மீட்டரில், 60 வாட் குண்டு பல்பு ஒன்று மட்டும் எரிந்தால், தகட்டு விளிம்பிலுள்ள வண்ணக் குறி 50 விநாடிக்கு ஒருமுறை கண்ணில் படும். 1000 வாட் இஸ்திரிப்பெட்டியை மட்டும் போட்டால் 3 விநாடிக்கு ஒருமுறை வந்துவிடும். மின்வாரியக் கணக்கீட்டாளர் இரு மாதங்களுக்கு ஒருமுறை வந்து அட்டையில் எழுதிச் சென்றது, இந்தச் சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணி வைத்த மொத்தத்தைத்தான்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குச் சற்று வடக்கே, தூத்துக்குடிக் கடற்கரையைத் தொட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை, நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி ஆகிய இடங்களில் மிதவையுடன் கூடிய ஓதமானிகளை வைத்து, கடல்மட்டம் ஏறி இறங்குவதைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்தார்கள். நிலவு, கதிரவன் ஆகியவற்றின் ஈர்ப்பால் எழும் ஓதம், வெவ்வேறு கால அளவுடைய பல அலைகளின் கூட்டு என்பதால், ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதங்களைக் கையால் கணிப்பது மிகக் கடினமான வேலை. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1872இல் இதற்கு ஓர் இயந்திரத்தை வகுத்தார்; அக்கொள்கையின்படி இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த இயந்திரத்தை லண்டனில் லெஜே நிறுவனம் 1879இல் செய்து முடித்தது. அதில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு சக்கரமும் கப்பியும் உண்டு. நிலவின் முதன்மை அலைக்குரிய சக்கரம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்னும் விகிதத்தில் திரும்ப, மற்றவை தத்தம் விகிதத்தில் திரும்ப, எல்லாக் கப்பிகளின் மீதும் ஓடும் ஒரே வடம் அவற்றின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டி, நுனியிலுள்ள பேனாவைக்கொண்டு வரப்போகும் ஓதத்தை வரைந்துவிடும். பிற்காலத்தில் இந்த இயந்திரம் டேராடூனுக்கு வந்து சேர்ந்தது.

சக்கரங்களின் இடத்தை மின்சுற்றுகள் பிடித்தபோது இந்தியா பின்தங்கிவிடவில்லை. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, 10 மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் அனலாக் கணினியை 1953இல் உருவாக்கினார். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அனலாக் கணிப்பு பற்றி எழுதிய பாடநூல் பொறியியல் மாணவர்களுக்கு அத்துறையை அறிமுகப்படுத்தியது. ஆயினும், அனலாக் விடையின் துல்லியம் உறுப்புகளின் தரத்தைத் தாண்ட முடியாது என்பதால், டிஜிட்டல் மலிந்ததும் இக்கருவிகள் ஒதுங்கின.

இப்போது செயற்கை நுண்ணறிவு அவற்றுக்கு மறுபடி தேவையை உண்டாக்கியிருக்கிறது. அதன் கணக்குகளில் பெரும்பகுதி பெருக்கிக் கூட்டுவதே. டிஜிட்டல் சில்லில் நினைவகத்துக்கும் கணிப்பகத்துக்கும் இடையே தரவைச் சுமந்து திரிவதிலேயே மின்சாரம் பெருமளவு கரைகிறது. நினைவில் வைக்க வேண்டிய எண்ணை ஒரு பொருளின் மின்கடத்து திறனாகவே பதித்துவிட்டால், ஓமின் விதி பெருக்கலையும், கம்பிச் சந்திப்பில் மின்னோட்டங்கள் சேர்வது கூட்டலையும் அந்த இடத்திலேயே முடித்துத் தரும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு, மூலக்கூறுப் படலம் ஒன்றில் இவ்வாறு 16,500 கடத்துநிலைகளைப் பதிக்க முடியும் என்று 2024இல் நேச்சர் இதழில் காட்டியது. நிலைகள் கூடக் கூட, அனலாக்கின் பழைய குறையான துல்லியக் குறைவு தணிகிறது. எனினும் வெளியுலகம் டிஜிட்டலில் இயங்குவதால், இத்தகைய சில்லுகளுக்குள் தரவு நுழையும்போதும் வெளியேறும்போதும் அதை மாற்றித் தரும் சுற்றுகள் தேவைப்படுகின்றன. சேமித்த மின்சாரத்தில் கணிசமான பங்கை அவையே தின்றுவிடாமல் தடுப்பது இத்துறை ஆய்வாளர்களின் முன்னுள்ள பெரிய வேலை.