கண்மாய் மண்ணில் பிறக்கும் குதிரைகள்

காரைக்குடி வட்டாரத்து ஊர்களில் புரவி எடுப்புக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கம் மட்டும் போதாது. ஊர்ப் பெரியவர்கள் மந்தையில் கூடி, நல்ல நாள் பார்த்து, மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாமா என்று யோசித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். குதிரைகள் காய்ந்து, சூளையில் வெந்து வர எத்தனை நாள் பிடிக்கும்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், குதிரைகளைச் செய்யும் குயவரான வேளார். அவர் சரி என்று தலையாட்டினால்தான் விழா.

புரவி எடுப்பு என்பது அய்யனாருக்குச் சுடுமண் குதிரை செய்து, ஊரே கூடித் தோளில் சுமந்து, கோயிலில் கொண்டுபோய் நிறுத்தும் திருவிழா. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் இது பரவலாக நடக்கிறது. சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கத்துச் செய்தித்தாள்களில் வைகாசி தொடங்கிச் சில மாதங்களுக்கு ‘புரவி எடுப்பு விழா’ என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். அய்யனார் ஊர்க்காவல் தெய்வம். கண்மாய்க் கரையிலோ ஊர் எல்லையிலோ இருந்துகொண்டு, இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்பது நம்பிக்கை. அந்தக் காவலுக்கு அவருக்கும், உடன் வரும் கருப்பர் முதலான பரிவாரங்களுக்கும் ஊர் கொடுக்கும் வாகனம்தான் புரவி.

காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கானாடுகாத்தான் வீடுகளும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் கோழிக் குழம்பும். அந்த வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. புரவிக்கு வேண்டிய சரக்கோ ஊர்க் கண்மாயிலேயே கிடக்கிறது. மண், மணல், உமி, வைக்கோல், தண்ணீர், நெருப்பு. இவ்வளவுதான்.

வேலை பிடிமண்ணில் தொடங்குகிறது. சாமியிடம் உத்தரவு கேட்ட பிறகு, கோயில் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, மரியாதையோடு வேளார் கையில் கொடுப்பார்கள். இதைப் ‘பிடிமண் கொடுத்தல்’ என்கிறார்கள். வேளார் அந்த மண்ணைத் தம் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்துவிடுவார். ஊர் கேட்டது, வேளார் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அதுவே சாட்சி. அன்றிலிருந்து விழா முடியும்வரை விரதம் இருந்து வேலை பார்க்கும் வழக்கமும் உண்டு.

குதிரையைச் சக்கரத்தில் வனைய முடியாது. பானைக்கு உதவும் சக்கரம் இங்கே சின்னச் சின்னப் பாகங்களுக்குத்தான் பயன்படும். பெரிய குதிரை கால்களிலிருந்து எழும்புகிறது. உமியும் மணலும் கலந்து மிதித்த களிமண்ணைத் திரித்து, சுருள் மேல் சுருளாக அடுக்கி, உள்ளே ஒரு கை அணைகொடுக்க வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி நான்கு குழாய்களாகக் கால்களை நிறுத்துவார்கள். அவை ஓரளவு இறுகிய பிறகுதான் மேலே வயிறு. வயிறு இறுகிய பிறகு மார்பும் கழுத்தும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் ஈரக் கால்கள் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். இடையில் மழை வந்தால் நாள் கணக்கு மாறிப்போகும். கழுத்து மணி, சேணம், நெற்றிப்பட்டம், விறைத்த காது, பிதுங்கிய கண் எல்லாம் கடைசியில் கையால் ஒட்டி எடுக்கிற வேலை.

உடல் முழுக்கக் கூடு. அங்கங்கே துளைகளும் விட்டிருப்பார்கள். காரணம் சூளையில் தெரியும். களிமண்ணுக்குள் ஈரம் சிக்கிக்கொண்டு சூடேறினால் நீர் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாவிட்டால் குதிரை வெடித்துவிடும். உமி கலப்பதிலும் இந்தச் சூட்சுமம் இருக்கிறது. நெருப்பில் உமி எரிந்துபோனதும் மண்ணுக்குள் நுண்ணிய துளைகள் மிஞ்சுகின்றன. சூட்டில் சுவர் பிளக்காமல் அவை காக்கின்றன. சுமார் 500, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் போய்விடுகிறது. அதன்பின் எத்தனை நாள் நனைந்தாலும் அது குழைந்து பழைய களிமண் ஆகாது.

பெரிய குதிரைகளுக்கு நிரந்தரச் சூளை கிடையாது. நிற்கிற இடத்திலேயே சுற்றி விறகும் வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே ஓட்டாஞ்சில்லும் சேறும் பூசி மூடித் தீ வைப்பார்கள். தீயின் நிறத்தையும் புகையின் போக்கையும் பார்த்தே வெந்த பதம் சொல்லிவிடும் கண் வேளார்களுக்கு உண்டு. ஆறியபின் வெள்ளையடித்து வண்ணம் தீட்டுவார்கள். முன்பு சுண்ணாம்பும் காவியும். இப்போது பெரும்பாலும் டப்பா பெயிண்ட்.

விழா நாளில் வேளார் வீட்டுப் பக்கத்துப் பொட்டலில் குதிரைகள் வரிசையாக நிற்கும். முதலில் நிற்பவை ஊர்ப் பொதுவில் செய்தவை. பழைய சிவகங்கை சமஸ்தானத்தின் வழக்கம் நீடிக்கும் ஊர்களில் ‘அரண்மனைப் புரவி’ என்று தனியாகவே உண்டு. அடுத்து, குடும்பங்கள் வேண்டிக்கொண்டு செய்த நேர்த்திக்கடன் புரவிகள். அவற்றோடு மண்ணாலான காளைகள், நாகங்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் செய்துவைக்கும் குழந்தைப் பொம்மைகளும் இருக்கும். அவற்றுக்கு மதலை என்று பெயர். புதுத் துணி போர்த்தி, மாலை சாத்தி, பூசை செய்து, கண் திறக்கிறார்கள். அதுவரை அது வேளார் செய்த பொருள். கண் திறந்தபின் சாமியின் குதிரை.

பிறகு தூக்குகிறார்கள். மூங்கில் கம்புகளோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய குதிரையை நான்கு புறமும் தோள் கொடுத்து எடுப்பார்கள். மேளமும் நாதஸ்வரமும் வேட்டுச் சத்தமும் குலவையும் முன்னே போக, சாமியாடிகள் வழிகாட்ட, ஊர்வலம் பல இடங்களில் முதல் நாள் ஊர் மந்தையில் தங்கி மறுநாள் அய்யனார் கோயிலுக்குப் போகிறது. வயல் வரப்பும் கண்மாய்க் கரையும்தான் பாதை. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட இதற்காக விடுப்பு எடுத்து வருவது உண்டு. தோள் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டுமே.

ஊர் ஒற்றுமை என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சிவகங்கை மாவட்டத்தில் விழா என்றால் முதல் மரியாதையும் யாருக்கு எந்த உரிமை என்ற கேள்வியும் கூடவே வரும். தேவகோட்டை அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேர், வடம் பிடிப்பதில் எல்லாச் சாதியினருக்கும் சம உரிமை வேண்டும் என்ற வழக்கும் தகராறும் சேர்ந்து பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது. புரவி எடுப்பும் அந்தச் சமூகத்துக்குள்ளேதான் நடக்கிறது. அங்கே பிடிமண் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், முன்னால் போகிற குதிரை யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. அந்த முறையில் வேளாருக்கு உள்ள இடம் தனி. பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவரே. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் மதுரை வட்டார வேளார்களிடம் ஆய்வு செய்து, 1980-இல் அவர்கள் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். செய்கிறவரே உயிர் கொடுக்கிறவராகவும் இருப்பது அவருடைய ஆய்வில் முக்கியமான செய்தி.

கோயிலில் இறக்கி வைத்ததோடு குதிரையின் வேலை முடிந்தது. கூரை கிடையாது. வெயிலிலும் மழையிலும் நிற்கும். வண்ணம் உதிரும், காது உடையும், வயிற்றில் செடி முளைக்கும். யாரும் பழுது பார்ப்பதில்லை. அடுத்த புரவி எடுப்பில் புதுக் குதிரைகள் முன்னால் வந்து நிற்க, பழையவை மெல்லச் சரிந்து மண்ணோடு சேரும். பார்க்க வருகிறவர்களுக்கு இது அலட்சியமாகத் தெரியலாம். ஆனால் குதிரை நிலைத்துவிட்டால் அடுத்த குதிரைக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கால் எப்போது இறுகும், தீ எப்போது அடங்கும் என்று அறிந்த கைக்கும் வேலை இல்லை. ஜப்பானின் இசே கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக முடிந்தது 2013-இல். அங்கே தச்சர்களின் கலை தலைமுறை தாண்டி வந்ததற்கு அந்த மறுகட்டுமானம் ஒரு பெரிய காரணம். கொல்கத்தாவின் குமார்துலியில் செய்யும் துர்க்கை உருவங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் கரைகின்றன. ஒவ்வோர் ஆண்டும் குமார்துலிக்கு வேலை இருக்கிறது.

இந்தச் சுழற்சிக்கு இப்போது இரண்டு பக்கமும் இடி. ஒன்று, சிமெண்ட். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று லாரி லாரியாகக் காகிதப்பூ மாலைகள் வந்து அதை மூடிவிடும். அவ்வளவு உயரம் சுடுமண்ணில் ஆகாது. ஆனால் சின்னக் கோயில்களிலும் ஒரேயடியாகச் செலவழித்துச் சிமெண்ட் குதிரை நிறுத்திவிட்டால், வேளாருக்குப் பிடிமண் கொடுக்கிற வேலை அந்த ஊரில் அத்தோடு சரி.

இன்னொன்று, மண் கிடைப்பதில் உள்ள சிக்கல். கண்மாயில் வண்டல் எடுக்க அனுமதி வாங்க அலைவது மண்பாண்டத் தொழிலாளர்களின் நீண்ட நாள் குறை. 2024-இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கி, விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்றுக் கட்டணமின்றி வண்டலும் களிமண்ணும் எடுத்துக்கொள்ள வழி செய்தது. மண் விஷயத்தில் சிவகங்கை மாவட்டத்துக்குப் பழைய பெருமை உண்டு. கீழடியில் கிடைத்த, எழுத்துப் பொறித்த பானை ஓடுகளை 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மானாமதுரைக் கடம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புரவிக்கு அப்படிக் குறியீடு எதுவும் இல்லை. அது கடைக்கு வருகிற சரக்கும் இல்லை.

கடைக்கும் காட்சிக்கும் வருகிற கைத்தொழில்களுக்குச் செட்டிநாட்டில் இன்று வேறொரு விழா அரங்கு உருவாகியிருக்கிறது. பழைய வீடுகளை விடுதிகளாக்கியவர்கள் சேர்ந்து சில ஆண்டுகளாக மரபு, பண்பாட்டு விழா நடத்துகிறார்கள். வருகிறவர்கள் வீடுகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள், சமையல் கற்கிறார்கள், கைவினைஞர்களைச் சந்திக்கிறார்கள். ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி எடுப்பதை அருகிலிருந்து பார்க்கலாம். இந்தக் கல்லுக்குச் சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்தே பதமாகிறது. கண்ணாடியின் வழவழப்புதான் தரையின் மினுமினுப்பு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் தறிகளும் காரைக்குடியில் ஓடுகின்றன. நகரத்தார் வீட்டு ஆச்சிகள் கல்யாணச் சீருக்காகத் தாங்களே முடைந்துவந்த பனையோலைக் கொட்டான் கிட்டத்தட்ட மறைந்துபோன நிலையில், விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. கொட்டானுக்கு வீட்டுக்கு வெளியே சந்தை கிடைத்தது; அதனால் பிழைத்தது.

புரவிக்கு அந்த வழி அவ்வளவு பொருந்தாது. சென்னை அருகே 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன; ஓய்வு விடுதிகளின் புல்வெளிகளிலும் நிற்கின்றன. அவற்றைச் செய்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, பெயரும் கிடைத்தது. ஆனால் அவற்றுக்குப் பிடிமண் இல்லை, கண் திறப்பு இல்லை, தோள் கொடுக்கிற ஊரும் இல்லை. ஆகவே விழாவைப் பார்க்க நினைப்பவர்கள் ஊருக்குத்தான் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எல்லா ஊரிலும் ஆண்டுதோறும் நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில ஊர்களில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். மழை பொய்த்தால் தள்ளிப்போவதும் உண்டு. வைகாசி முதல் புரட்டாசி வரை உள்ளூர்ச் செய்திகளையும் சுவரொட்டிகளையும் கவனித்தால் தேதி தெரிந்துவிடும். ஊர்வலத்துக்கு முந்தின நாளே போய், வேளார் வீட்டுப் பொட்டலில் வண்ணம் காய்வதையும் பார்ப்பது நல்லது. கண் திறக்கும் நேரத்தில் படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விழா இல்லாத நாளில் குதிரைகளை மட்டும் பார்க்க விரும்பினால், புதுக்கோட்டை நமணசமுத்திரம் அருகே இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போகலாம். பல தலைமுறைக் குதிரைகள் அங்கே மரநிழலில் வரிசை கட்டி நிற்கின்றன. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் நமணசமுத்திரத்தில் இறங்கி வழி கேட்டுக்கொள்ளலாம்.